கவிழ்ந்த பிறைக் குறி

கரம்பொனில் இருந்த ‘கரைமனை’ உளநல நிறுவனத்தின் வரவேற்பறையில் சாமிப் படம் இல்லை. நிறுவியவரின் படமும் இல்லை. சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஒரே ஓர் எண்: 612.

“உது என்ன அக்கா, இஞ்ச வந்து சுகமான வருத்தக்காரரின்ர கணக்கோ?” என்றான் மிரோஜன்.

“மேற்கோள் கணக்கு” என்றாள் கோசலா. “இவையள் எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரையை உலகத்தில எத்தினை பேர் தங்கட கட்டுரையில எடுத்துக் காட்டியிருக்கினம் எண்ட கணக்கு.”

“அப்ப வருத்தக்காரரின்ர கணக்கு?”

“அதுக்குத் திரை வைக்கேல்லைப் போல.”

கோசலாவுக்கு நாற்பத்தாறு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய வள்ளங்களையும் விசாரித்து வந்தவள். எரிந்தவற்றில் பாதி எரிக்கப்பட்டவை என்று கண்டுபிடித்ததில் வேலை போயிற்று. அதன்பிறகு சொந்தமாகத் துப்பறிகிறாள். மிரோஜன் ஊர்காவற்றுறை மினிபஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். அவனுடைய வாய்க்குப் பயந்து சனம் முந்தின தரிப்பிலேயே இறங்கிப்போனதால் அந்த வேலையும் போயிற்று. வேலை போன இருவரும் சேர்ந்து நடத்தும் தொழில் இது.

பணிப்பாளர் டொக்டர் அரியநாயகம் கையில் மடிக்கணினியோடு வந்தார். வெள்ளைச் சட்டை. நெஞ்சுப் பையில் நீல நூலால் ஒரு குறி பின்னியிருந்தது: கவிழ்த்து வைத்த பிறை, அதற்குள் நிமிர்ந்த ஒரு கோடு, வெளியே ஒரு புள்ளி. அதே குறி வெளி மதிலில் ஆளுயரத்துக்கு வரையப்பட்டிருந்ததைக் கோசலா உள்ளே வரும்போதே பார்த்திருந்தாள். தேநீர்க் கோப்பையிலும் அதுதான்.

“எங்கட கட்டுரை தெரியும்தானே” என்று தொடங்கினார். “நெடுந்தீவில கணவனைக் கடலுக்கும் சண்டைக்கும் பறிகொடுத்த பன்னிரண்டு பெண்களிட்ட, உங்கட துயரத்தைப் படமாக் கீறுங்கோ எண்டு கேட்டம். தனித்தனி அறை. ஒருத்தி கீறினதை மற்றவ பார்க்கேல்லை. பன்னிரண்டு பேரும் ஒரே குறியைக் கீறினவை.”

“உந்தக் குறியை.”

“ஓம். கவிழ்ந்த பிறை, கவிழ்ந்த வள்ளம். உள்ளே நிற்கிற கோடு, காத்திருக்கிற பெண். வெளியில இருக்கிற புள்ளி, திரும்பி வராதவன். ஒரு தீவின்ர ஆழ்மனம் ஒரே மொழியில பேசினது. உளவியல் உலகத்தில இப்பிடி ஒண்டை ஆரும் காட்டேல்லை.” அவர் கண் ஒருமுறை திரைக்குப் போய் வந்தது. “போன கிழமை அந்த ஆய்விதழின்ர ஆசிரியருக்கு ஆரோ ஒரு படம் அனுப்பியிருக்கினம். ஒரு சொல்லும் எழுதேல்லை. படம் மட்டும்.”

மடிக்கணினியைத் திருப்பினார். ஒரு பசுக்கன்றின் பின்தொடை. அதில் சூடு போட்ட கவிழ்ந்த பிறை, உள்ளே கோடு, வெளியே புள்ளி.

“இதழாசிரியர் விளக்கம் கேட்கிறார். இந்த மாத முடிவுக்குள்ள குடுக்காட்டில் கட்டுரைக்கு மேல சந்தேகம் எண்டு அறிவித்தல் போடுவினம். எங்கட வெளிநாட்டு நிதி முழுக்க அந்த எண்ணை நம்பித்தான் வருது. இந்த மாட்டைக் கண்டுபிடிக்க வேணும்.”

“படம் அனுப்பின ஆளையோ?”

“மாட்டை. மாட்டின்ர சொந்தக்காரரை.”

கோசலா அதை மனதில் முடிந்துவைத்தாள். அடி வாங்கியவன் அடித்தவனைத்தான் தேடுவான். இவர் கம்பைத் தேடுகிறார்.

“நெடுந்தீவில விசாரிக்கேல்லையோ?”

“பொடியங்களை அனுப்பினனான். மாடோ, குறியோ, தெரியாது எண்டிட்டினம்.”

“நீங்கள் போகேல்லை?”

“எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நான் நெடுந்தீவுக்குப் போனதில்லை.”

“கட்டுரை மட்டும் கடல் தாண்டியிருக்கு” என்றான் மிரோஜன், திரையைப் பார்த்தபடி.

அரியநாயகம் அதைக் கேட்காதவர்போல இரண்டு ரீசேர்ட்டுகளை எடுத்து நீட்டினார். நெஞ்சிலும் முதுகிலும் குறி. “போட்டுக்கொண்டு போங்கோ. அங்க எங்களுக்கு நல்ல மரியாதை.”

*

குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளம் வெளிக்கிட்டது. பெட்ரோல் மணம், வெங்காய மூட்டை, இரண்டு சைக்கிள், பள்ளிக்கூட ரீச்சர்மார் நால்வர். மிரோஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

“மற்றத் துப்பறியிற ஆக்கள் கொலைகாரனைத் தேடுவினம். நாங்கள் கன்றுக்குட்டியைத் தேடுறம். பிடிச்சால் கைவிலங்கோ, கயிறோ?”

“நீர் இந்தப் படத்தைப் பாரும். என்ன தெரியுது?”

“ஒரு மாட்டின்ர பின்பக்கம். எங்கட பழைய பஸ் முதலாளியின்ர ஞாபகம் வருது.”

“பின்னால மதில்.”

“சாந்து பூசாமல் முருகைக்கல் அடுக்கினது. நெடுந்தீவு மதில். அது எனக்கும் தெரியும் அக்கா.”

“குறியின்ர ஓரம்?”

அவன் போனை அருகில் பிடித்தான். “சிவந்து கிடக்கு.”

“சூடு ஆறேல்லை. இப்ப குறி சுடுற ஆக்கள் குறைவு. காதில நம்பர்த் தகடு குத்தி விடுகினம். ஆரோ இந்தப் படம் எடுக்கிறதுக்கெண்டே பழைய இரும்பைத் தேடி எடுத்துக் காய்ச்சியிருக்கினம். ஒளிக்கிற ஆள் அப்பிடிச் செய்யாது. கூப்பிடுற ஆள்தான் செய்யும்.”

அவள் மடியில் இரண்டு கட்டுரைகளின் அச்சுப்பிரதி இருந்தது. புகழ்பெற்ற கட்டுரையில் பன்னிரண்டு குறிகளும் தனித்தனியாக வெட்டி எடுக்கப்பட்டு மூன்று வரிசையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. முழுப் படங்கள் பின்னிணைப்பில் இருந்தன. பின்னிணைப்பை ஒருவரும் திறப்பதில்லை. கோசலா திறந்தாள்.

“ஒருத்தி கோயில் கீறியிருக்கிறா. ஒருத்தி கிணறு. ஒருத்தி வள்ளம். ஆனால் பன்னிரண்டிலும் ஒரு மாடு நிற்குது. குறி கடலிலும் இல்லை, வானத்திலும் இல்லை. மாட்டின்ர வலப்பக்கப் பின்தொடையில இருக்கு. பன்னிரண்டிலும்.”

மிரோஜன் தாளை வாங்கிப் பார்த்தான். “ஆழ்மனத்துக்கு வலம் இடம் தெரியுமோ அக்கா?”

“அறுநூற்றிப் பன்னிரண்டு பேர் கேட்காத கேள்வியை நீர் கேட்டிட்டீர்.”

“அப்ப எனக்கும் ஒரு திரை வையுங்கோ.”

அவள் அதற்குள் மற்றக் கட்டுரையைப் பிரித்திருந்தாள். அது பழையது, அந்தப் பன்னிரண்டு பேரையும் சந்திப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கரைமனை வெளியிட்டது. நெடுந்தீவுப் பெண் ஒருத்தியின் ஆலோசனைக் கதை. பெயர் மாற்றப்பட்டு ‘மலர்’ என்று இருந்தது. அவள் கீறிய படம் முழுப் பக்கத்தில். பனை, வீடு, ஒரு மாடு. மாட்டின் வலது தொடையில் கவிழ்ந்த பிறை, கோடு, புள்ளி.

படத்தின் கீழே மலர் சொன்னது நாலு வரி. கோசலா வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

“என்ன கிடக்கு?”

“இதை வாசிச்சால் இண்டைக்கு நீர் பகிடி விடமாட்டீர். பிறகு வாசியும். இப்ப எனக்கு உம்மட வாய் தேவை.”

*

மாவிலித்துறையில் இறங்கியதும் கோசலா ஒரு வேலை செய்தாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தன் ரீசேர்ட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மிரோஜனை மட்டும் போடச் சொன்னாள்.

“நான் என்ன செய்யவேணும்?”

“றோட்டால நடவும். ஒண்டும் கதைக்காமல்.”

“எந்தப் பக்கம்?”

“உமக்குத் தெரியாத பக்கம். இந்த ஊரில மாட்டைக் கேட்டால் ஒருத்தரும் காட்டமாட்டினம். ஆனால் அவிட்டுக்கொண்டு வந்த மாட்டைக் கண்டால் சும்மா விடவும் மாட்டினம். உரிய ஆளின்ர வீட்டு வளவுக்குத்தான் சாய்ச்சுக்கொண்டு போவினம்.”

மிரோஜன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “படிச்ச பிள்ளை எண்டு எங்கட அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியிறா.”

நடந்தான். கோசலா நூறு அடி பின்னால் வந்தாள். வெயில் வெள்ளையாக அடித்தது. முதலில் சைக்கிளில் வந்த ஒருவர் அவன் நெஞ்சைப் பார்த்தார், சிரிப்பை அடக்கினார், போய்விட்டார். சந்தியில் வாங்கிலில் இருந்த இரண்டு கிழவர்கள் பார்த்தார்கள். அவர்களின் தலை ஒரே நேரத்தில் தெற்குப் பக்கம் திரும்பி மறுபடி வந்தது. மிரோஜன் வடக்கே திரும்பினான். உடனே தேநீர்க் கடையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“தம்பி, உங்கால போகாதையும். உம்மட வளவு அங்கால.”

அறுபது வயதிருக்கும். பெயர் பார்வதிப்பிள்ளை, கடை அவருடையது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ர வளவோ அன்ரி? ஆற்ற வளவு?”

“குறியில கிடக்கே. வாரும், கொண்டுபோய் விடுறன். ஆற்றையேனும் பயிருக்குள்ள பூந்திட்டால் பிறகு வழக்கு.”

“கரைமனைப் பொடியங்கள் வந்து கேட்டவையாம். நீங்கள் தெரியாது எண்டனீங்களாம்.”

“கேட்டால் சொல்லமாட்டம்” என்றார் பார்வதிப்பிள்ளை. “மாடு வந்தால் கொண்டுபோய் விடுவம்.” அவர் திரும்பிப் பார்த்துப் பின்னால் வந்த கோசலாவிடம் சொன்னார்: “பிள்ளை, மேய்க்கிறவ நீர்தானே. ஒளிச்சுக்கொண்டு வரத் தேவையில்லை. கிட்ட வாரும்.”

*

முருகைக்கல் மதில், படலை, வேப்பமரம், அதன் கீழ் ஐந்தாறு மாடு. படத்தில் இருந்த கன்று தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. சூடு ஆறி மேலே பொருக்குக் கட்டியிருந்தது.

வளவுக்காரி யூலியட் குசினிக்குள்ளிருந்து வந்தாள். கோசலாவின் வயதுதான். மிரோஜனின் ரீசேர்ட்டைப் பார்த்தாள்.

“கழட்டி வைச்சிட்டு இரும் தம்பி. கதிரையில இருக்கிற ஆளுக்குக் குறி வேண்டாம்.”

அவன் கழற்றினான். பார்வதிப்பிள்ளை உள்ளே போய் ஒரு பழைய சேர்ட் கொண்டுவந்து கொடுத்தார்.

கோசலா மடித்த தாளைப் பிரித்து வைத்தாள். “இந்த மலர் நீங்கள்.”

“ஓம்.”

“படம் அனுப்பினதும் நீங்கள்.”

“ஓம். பார்வதியக்காவின்ர கனடாவில இருக்கிற மகள்தான் அந்த வெள்ளைக்கார ஆசிரியரின்ர ஈமெயில் எடுத்துத் தந்தவ.” யூலியட் குரல் உயரவில்லை. “என்ர மனுசன் சந்தியோகு. குடிப்பார். குடிச்சால் அடிப்பார். ஒருநாள் கடலுக்குப் போனவர் வரேல்லை. பிறகு எனக்கு நித்திரை இல்லை. கரைமனைக்காரர் வந்தவை. ஒரு பிள்ளை கதவைச் சாத்திப்போட்டு, இஞ்ச சொல்லுறது இந்தச் சுவரைத் தாண்டாது எண்டு சொன்னது. நான் நம்பினனான். அண்டைக்குக் காத்து மாறினதைக் கண்டிட்டு, இந்த மனுசன் திரும்பி வரக்கூடாது எண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான் எண்டு அந்தப் பிள்ளையிட்டச் சொன்னனான். உலகத்தில வேற ஆருக்கும் சொல்லேல்லை. சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லேல்லை.”

மாடு ஒன்று மூச்சுவிட்டது.

“பேரை மாத்தினவை. ஆனால் நான் கீறின படத்தை அப்பிடியே போட்டவை. தமிழில புத்தகமா அடிச்சு வீடுவீடாக் குடுத்தவை. நான் கீறினது எங்கட அப்புவின்ர மாடு, சீதனமாத் தந்தது. எங்கட தாத்தா உடைஞ்ச குதிரை லாடத்திலயும் ஆணியிலயும் செய்த இரும்பால சுட்ட குறி அது. இந்தத் தீவில எழுத்து வாசிக்காத ஆக்கள் இருக்கினம். குறி வாசிக்காத ஆள் இல்லை.”

மிரோஜன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமி இந்த வீட்டிலதான் இருந்தவ. மகன் வருவான் எண்டு படலையைப் பூட்டவிடமாட்டா. அந்தப் புத்தகம் வந்த நாளில இருந்து என்ர கையால ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. நாலு வருசம். கடைசியா நாக்கு வறண்டு கிடந்தவ. நான் கோப்பையைக் கொண்டுபோகப் பல்லைக் கடிச்சுக்கொண்டா. அப்பிடியே போயிட்டா.”

“கரைமனைக்குப் போய்ச் சொல்லேல்லையோ?”

“போனனான். பேர் மாத்தினாச்சு, இரகசியம் காத்தாச்சு எண்டினம். பெரியவரைப் பார்க்கவேணும் எண்டன். அவர் கூட்டத்தில எண்டினம்.”

பார்வதிப்பிள்ளையால் இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “திரும்ப வந்தவை, எங்கள் எல்லாரையும் கீறச் சொல்லி. முதல்நாளே நாங்கள் கதைச்சு வைச்சிட்டம். களவெடுத்த மாட்டைக் குறியைக் காட்டித்தானே பிடிக்கிறது. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு மாடு கீறி, யூலியட்டின்ர குறியைப் போட்டு மேசையில வைச்சம். கண்டதும் விளங்கும், வந்து மன்னிப்புக் கேட்பினம் எண்டு நினைச்சம். அவையள் பார்த்துப்போட்டு அழுதவை பிள்ளை. என்னைக் கட்டிப்பிடிச்சு ஒண்டு விம்மி விம்மி அழுதது. ஆழ்மனமாம். பிறகு பார்த்தால் ரீசேர்ட் அடிச்சுக்கொண்டு வந்து துறையில இறங்கினம். எங்கட ஊர் மாடெல்லாம் உடுப்புப் போட்டு வந்த மாதிரி.”

யூலியட் சிரிக்கவில்லை. “எட்டு வருசமாப் பார்த்துக்கொண்டிருக்கிறன். பெரியவரின்ர பேர்தான் எல்லாத்துக்கும் முதல் கிடக்கு. அவர் மட்டும் ஒருநாளும் வரேல்லை. கடல் ஒத்துக்கொள்ளாதாம். அவரைக் கடல் தாண்டப் பண்ணுறதுக்கு என்ன வேணும் எண்டு யோசிச்சன். அந்த எண்ணில கை வைச்சால் வருவார்.”

“அதுதான் புதுச் சூடு” என்றாள் கோசலா.

“ஓம். கூப்பிடுங்கோ அவரை.”

மிரோஜன் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, அவர் எங்களுக்கு வேலை தந்தவர். காட்டிக்குடுக்கிறமோ?”

“அவர் ஆளைக் கேட்கேல்லை, மாட்டைக் கேட்டவர்.” கோசலா போனை எடுத்தாள். “மாட்டைக் காட்டுறம்.”

*

அரியநாயகம் தனி வள்ளம் பிடித்து மத்தியானத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தார். முகம் சாம்பல் நிறம். வழியில் இரண்டுமுறை சத்தி எடுத்தாராம். வெள்ளைச் சட்டையில் நீலக் குறி. கையில் சேலைப் பார்சல் ஒன்றும் தடித்த ஓர் உறையும்.

வளவுக்குள் பெண்கள் வந்து மதிலோரம் இருந்தார்கள். யாரும் அவரைக் கூப்பிட்டு இருத்தவில்லை. அவரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டார்.

“அம்மா, சந்தோசமான விசயம்” என்றார். “இந்தக் குறியை நீங்கள் உங்கட மாட்டுக்குப் போட்டிருக்கிறீங்கள். எவ்வளவு பெருமை. எங்கட ஆய்வு சனத்திட்டத் திரும்பி வந்திருக்கு. இதைத்தான் நாங்கள் தாக்கம் எண்டு சொல்லுறது. இதில ஒரு கையெழுத்து மட்டும் வேணும்.”

அவர் உறையோடு சேர்த்து நீட்டிய தாளைக் கோசலா வாங்கிச் சத்தமாக வாசித்தாள்: “‘கரைமனையின் ஆய்வு வெளிவந்த பின்னர், அதன் நினைவாக இந்தக் குறியை எங்கள் மாடுகளுக்கு இடத் தொடங்கினோம்.’”

அவளுக்கு இப்போது முடிச்சு முழுதும் அவிழ்ந்தது. படம் அனுப்பியவரால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மாட்டுக்காரியின் கையெழுத்து கிடைத்தால், கட்டுரையைக் கொல்ல வந்த படமே கட்டுரைக்குச் சாட்சியாகிவிடும். கன்றின் சூடும் புதிது. வெள்ளைக்காரர் நம்புவார்.

“அப்ப இந்தக் குறி ஆய்வுக்கு முந்தி இல்லையோ டொக்டர்?” என்று யூலியட் கேட்டாள்.

“எங்கட பழைய கட்டுரையில கிடக்கிறது ஆரோ கீறின படம் மட்டும்தான். மாட்டில இருந்தது எண்டதுக்குச் சாட்சி இல்லைத்தானே அம்மா. இருந்தாலும், உங்களுக்கும் பிரச்சினை, எங்களுக்கும் பிரச்சினை. பழசு எதுக்கு?”

யூலியட் எழுந்தாள். கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த கிழட்டுப் பசுவுக்கு அருகில் போனாள். செம்பட்டை மயிர் அடர்ந்த தொடை. பார்த்தால் ஒன்றும் இல்லை. தண்ணீரை வார்த்து உள்ளங்கையால் வழித்துவிட்டாள். மயிர் தோலோடு படிந்தது. கவிழ்ந்த பிறை எழுந்தது. கோடு எழுந்தது. புள்ளி எழுந்தது.

அரியநாயகம் தன்னையறியாமல் நெஞ்சுப் பையைக் கையால் மூடினார்.

“கொம்பில கிடக்கிற வளையத்தையும் எண்ணிப்பாருங்கோ” என்றார் பார்வதிப்பிள்ளை. “ஒரு ஈத்துக்கு ஒரு வளையம். கன்றா இருக்கேக்க, உங்கட ஆய்வுக்கு எவ்வளவோ முந்திச் சுட்ட குறி. எண்ண உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லைத்தானே. எண்ணுறதுதானே உங்கட வேலை.”

மிரோஜன் அன்றைக்கு முதல்முறையாக அடக்கமாகப் பேசினான். “டொக்டர், கொஞ்சம் சுத்திப் பாருங்கோ.”

மதிலோரம் இருந்த பெண்கள் எல்லோர் கையிலும் போன் இருந்தது. எல்லாம் அவரைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன. அவர் உறையை நீட்டிய நேரத்திலிருந்தே.

அரியநாயகம் கோசலாவைப் பார்த்தார். “நீங்கள் எனக்காக வேலை செய்யிற ஆள்.”

“மாட்டையும் சொந்தக்காரரையும் கண்டுபிடிக்கச் சொன்னீங்கள். ரண்டும் உங்களுக்கு முன்னால நிற்குது.”

அவர் கெட்டிக்காரர். தோற்ற இடத்திலிருந்து கணக்குப் போடத் தெரிந்தவர். “சரி” என்றார். “கட்டுரையைத் திரும்பப் பெறுறன். இண்டைக்கே எழுதுறன். அது இல்லாமல் போயிடும். உங்களுக்கு அதுதானே வேணும்?”

“இல்லை” என்றாள் யூலியட்.

பெண்கள்கூட அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லாமல் போறதுக்கோ எட்டு வருசம் இருந்தனான்? அழிச்சால் நாளைக்கு இன்னொண்டு எழுதுவீங்கள், அதுக்கும் ஒரு எண் ஏறும். அது அங்கயே இருக்கட்டும். உச்சியில, நான் சொல்லுறதை எழுதிப் போடுங்கோ. அதை எடுக்கிற ஆள் எல்லாம் இதைத் தாண்டித்தான் போகவேணும்.” அவள் கோசலாவைப் பார்த்தாள். “நான் தமிழில சொல்லுறன். நீங்கள் இங்கிலீசில சொல்லுங்கோ. அவர் தன்ர கையால அடிக்கட்டும்.”

அவள் சொன்னாள். எட்டு ஆண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்ததால் ஒரு சொல் தடுக்கவில்லை.

“‘துயரத்தின் அடையாளம் என்று நாங்கள் எழுதியது ஒரு குடும்பத்தின் மாட்டுக்குறி. அந்தக் குடும்பத்துப் பெண் மூடிய அறைக்குள் சொன்னதை, அவளைக் கேளாமல் அச்சடித்து ஊருக்குக் கொடுத்தோம். நீங்கள் எடுத்தது களவு என்று பன்னிரண்டு பெண்கள் படம் கீறி எங்களுக்குச் சொன்னார்கள். எங்களுக்கு விளங்கவில்லை. அதை எங்கள் சட்டையில் போட்டுக்கொண்டோம்.’ கீழ உங்கட பேர். உங்கட பேர் மட்டும். அந்தப் பிள்ளையளின்ர பேர் வேண்டாம், அதுகள் சொன்னதைச் செய்ததுகள்.”

“இப்பிடி எழுதினால் நான் முடிஞ்சன்.”

“முடியமாட்டீங்கள் டொக்டர். சூடு வாங்கின மாடு செத்துப்போறேல்லை. நடமாடும். புல்லுத் தின்னும். குறி மட்டும் இருக்கும்.”

அவர் போன்களைப் பார்த்தார். அவற்றில் பிடித்த காட்சி வெளியே போனால் நிறுவனமே போகும். இந்த வரிகள் போனால் அவர் மட்டும்தான் போவார். கணக்கு விரைவாக முடிந்தது. கதிரையில் குனிந்திருந்து தன் போனில் அடித்தார். கோசலா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை. அவர் ஓரிடத்தில் ‘களவு’ என்பதற்கு ஒரு நல்ல சொல் போட்டார். அவள் நிறுத்தி, அதை அழிக்கச் சொன்னாள்.

“அந்தப் பெண்ணின்ர பேர் போடவேணுமோ?” என்று கேட்டார், யூலியட்டைப் பார்க்காமல்.

“பேர் வேண்டாம். குறியைப் போடுங்கோ. உங்களிட்டக் கிடக்குத்தானே.”

அடித்தது ஈமெயிலில் இதழாசிரியருக்குப் போயிற்று. கோசலா இரண்டுமுறை பார்த்து உறுதி செய்தாள். அரியநாயகம் எழுந்தார். உதடு வெடித்திருந்தது.

“கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?”

வளவு முழுதும் யூலியட்டைப் பார்த்தது. அவள் குசினிக்குப் போகவில்லை. மாட்டடியில் இருந்த வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இதில மிச்சம் இருக்கு.”

அவர் வாளியைப் பார்த்தபடி நின்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு படலையை நோக்கி நடந்தார்.

*

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள், தன் அறிக்கையைக் கையளிக்கக் கோசலா கரம்பொனுக்குப் போனாள். அறிக்கை ஒரு பக்கம்தான். வரவேற்பறைத் திரை இருண்டிருந்தது.

“பழுதோ?” என்று மிரோஜன் அங்கிருந்த பிள்ளையைக் கேட்டான்.

“இல்லை. பெரியவர் நிப்பாட்டச் சொல்லிட்டார்.”

“எண் விழுந்திட்டுதோ?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ஏறுது அண்ணை. எழுநூறு தாண்டிட்டுது. எப்பிடி ஆய்வு செய்யக்கூடாது எண்டு படிப்பிக்கிற ஆக்கள் எல்லாம் இப்ப இதைத்தான் எடுக்கினமாம்.”

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். எதிரே மதில். குறி இருந்த இடத்தில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். வெயிலில் வரும்போது மதில் வெறுமையாகத்தான் இருந்தது.

மழை சுண்ணாம்பை நனைத்தது. முதலில் பிறை தெரிந்தது. பிறகு கோடு. கடைசியாகப் புள்ளி.